ஊதிய உயர்வும் மனநல மருத்துவர் பற்றாக்குறையும்: அமெரிக்கப் பொதுத்துறை வரலாற்றில் இரு நிகழ்வுகள் (1946, 2006)

ஆய்வுச் சுருக்கம்

அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் மனநல மருத்துவர், உளவியலர் பணியிடங்கள் நிரம்பாதபோது ஊதியத்தை உயர்த்துவதே முதல் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அத்தீர்வு நடைமுறையில் எதைச் சாதித்தது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் நிகழ்ந்த இரு ஊதிய உயர்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, 1946இல் முன்னாள் படைவீரர் நிர்வாகத்தில் சட்டத்தின் வழி நிகழ்ந்தது. மற்றொன்று, 2006இல் கலிபோர்னியச் சிறைகளில் நீதிமன்ற ஆணையின் வழி நிகழ்ந்தது. முன்னது பயிற்சியோடு இணைந்திருந்ததால் புதிய மருத்துவர்களை உருவாக்கியது. பின்னது தனித்து நின்றதால் ஓர் அரசு நிறுவனத்தின் மருத்துவர்களை மற்றோர் அரசு நிறுவனத்திற்கு இடம்பெயர்த்தது. இவ்வேறுபாட்டின் காரணங்களும், முன்னதன் வெற்றிக்கு இருந்த எல்லையும் இங்கு விளக்கப்படுகின்றன.

கருச்சொற்கள்: மனநல மருத்துவம், பொதுத்துறை ஊதியம், முன்னாள் படைவீரர் நிர்வாகம், கலிபோர்னியச் சிறைகள், மருத்துவப் பயிற்சி, புலம்பெயர் மருத்துவர்.

முன்னுரை

பொதுநல மருத்துவத்தின் பிற துறைகளைவிட மனநலத் துறை ஆள்வளத்தையே பெரிதும் நம்பியிருப்பது. அறுவைச் சிகிச்சைக்குக் கருவிகளும் ஆய்வகத்திற்கு இயந்திரங்களும் துணை நிற்கின்றன. மனநோயாளிக்கோ கேட்கின்ற ஒருவரும், கணித்துச் சொல்கின்ற ஒருவரும், மருந்தின் விளைவைத் தொடர்ந்து நோக்குகின்ற ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் இல்லையெனில் கட்டடமும் படுக்கையும் மருந்தும் இருந்தும் சிகிச்சை இல்லை. ஆகவேதான் இத்துறையில் காலிப் பணியிடம் என்பது வெறும் நிர்வாகக் குறைபாடாக நின்றுவிடுவதில்லை. அது நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

இப்பணியிடங்களை நிரப்ப ஊதியத்தை உயர்த்தவேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. தனியார் மருத்துவத்தில் பன்மடங்கு ஈட்டக்கூடிய ஒருவரைக் குறைந்த ஊதியத்தில் தொலைவிடத்திற்கு அழைப்பது எளிதன்று. எனினும், ஊதியம் உயர்ந்தபின் வந்து சேரும் மருத்துவர் எங்கிருந்து வருகிறார் என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு அமெரிக்க வரலாறு பொருத்தமான களமாக அமைகிறது. அங்கு ஊதிய உயர்வுகள் சட்டமாகவும் தீர்ப்பாகவும் பதிவு பெற்றுள்ளன. அவற்றின் பின்விளைவுகளும் ஆவணங்களில் தெளிவாகக் காணக் கிடைக்கின்றன.

1. போருக்கு முந்தைய நிலை

1940ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 2,300 மட்டுமே. அவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கும் மேற்பட்டோர் பொது நிறுவனங்களில், குறிப்பாக மாநில மனநல மருத்துவமனைகளில் பணியாற்றினர் என வரலாற்றாசிரியர் ஜெரால்டு குரோப் காட்டுகிறார். மனநல மருத்துவர் என்றாலே மாநில மருத்துவமனை வளாகத்தில் குடியிருக்கும் அரசு ஊழியர் என்பதே அக்காலப் பொதுவழக்கு. ஊதியம் குறைவாக இருப்பினும் வீடும் உணவும் அதனோடு சேர்ந்திருந்தன. மருத்துவ உலகின் பிற பிரிவினர் இவர்களைச் சமமாக மதித்தனர் என்று கூறுவதற்கில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையைக் குலைத்தது. படைக்கு ஆள் சேர்க்கையில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆண்கள் மனநலக் காரணங்களால் தள்ளப்பட்டனர். தேர்வு பெற்றுக் களம் சென்றவர்களிலும் பலர் மனமுறிவுற்றுத் திரும்பினர். தரைப்படையின் மனநல மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற வில்லியம் மென்னிங்கர், பொது மருத்துவர்களைக் குறுகிய காலப் பயிற்சியின் வழி இத்துறைக்குக் கொணரவேண்டியிருந்தது. போர் முடிந்தபோது ஏறத்தாழ 2,400 மருத்துவர் படையில் இப்பணியில் இருந்தனர். போருக்கு முன் நாடு முழுவதும் சங்கத்தில் இருந்த உறுப்பினர் தொகைக்கு இது ஏறத்தாழச் சமம்.

போர் முடிந்ததும் சுமை முன்னாள் படைவீரர் நிர்வாகத்தின்மேல் விழுந்தது. 1946இல் அந்நிர்வாகத்தின் மருத்துவமனைகளில் இருந்த ஏறத்தாழ 74,000 நோயாளிகளுள் 44,000 பேர் மனநல, நரம்பியல் நோயாளிகள். அவர்களைப் பார்க்க மருத்துவர் இல்லை. மருத்துவர் நியமனம் அனைத்தும் குடிமைப் பணி விதிகளின்கீழ் நடந்தது, நடைமுறை மெதுவானது, சிறப்புத் தகுதிக்குத் தனி மதிப்பில்லை.

2. 1946: ஊதியமும் பயிற்சியும்

1945 ஆகஸ்டில் நிர்வாகத்தின் தலைமையை ஏற்ற தளபதி ஓமர் பிராட்லியும், மருத்துவத் தலைமையை ஏற்ற பால் ஹாலியும் இதனை மாற்ற முனைந்தனர். 1946 ஜனவரி 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் குடிமைப் பணி விதிகளிலிருந்து விடுவித்து, மருத்துவம் மற்றும் அறுவைச் சிகிச்சைத் துறை என்னும் தனி அமைப்பை நிறுவியது. சிறப்பு மருத்துவராகத் தகுதி மதிப்பீடு பெற்றோருக்கு அடிப்படை ஊதியத்தின்மேல் 25 விழுக்காடு கூடுதற்படி வழங்கப்பட்டது. ஊதியமும் படியும் சேர்ந்து ஆண்டுக்கு 11,000 டாலரைத் தாண்டலாகாது என்னும் வரம்பும் இருந்தது.

இச்சட்டத்தின் ஊதியப் பிரிவு மட்டுமே நிகழ்ந்திருந்தால் இவ்வரலாறு வேறாக அமைந்திருக்கும். அதே மாதம் 30ஆம் நாள் வெளியிடப்பட்ட கொள்கைக் குறிப்பாணை, படைவீரர் மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளுடன் இணைத்தது. கல்லூரி முதல்வர்கள் குழு மருத்துவமனையின் கற்பித்தலுக்கும் மருத்துவர் தேர்வுக்கும் வழிகாட்டியது. இதனால் அரசு மருத்துவமனை பணியிடமாக மட்டுமன்றிக் கற்குமிடமாகவும் ஆயிற்று. ஊதியத்திற்காக மட்டும் வராத இளம் மருத்துவர், பட்டமேற்பயிற்சிக்காக வந்தார்.

மனநலத் துறையில் இதன் சிறந்த எடுத்துக்காட்டு கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரம். அங்கிருந்த விண்டர் படை மருத்துவமனை, படைவீரர் நிர்வாகத்தின்கீழ் வந்தது. கார்ல் மென்னிங்கர் அதன் பொறுப்பை ஏற்றார். 1946இல் தொடங்கப்பட்ட மென்னிங்கர் மனநல மருத்துவப் பள்ளியில் முதல் தொகுதியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர் சேர்ந்தனர். பெருநகரம் எதற்கும் அண்மையில் இல்லாத ஓர் ஊருக்கு இத்தனை பேர் வந்தமைக்குக் கூடுதற்படி மட்டும் காரணமன்று. அவ்வூரில் கற்கக் கிடைத்ததும் காரணமாகும்.

உளவியலர்க்கும் இம்முறையே பின்பற்றப்பட்டது. மருத்துவ உளவியலுக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மில்லர், நிர்வாகத்திற்கு 4,700 உளவியலர் தேவைப்படுவர் என மதிப்பிட்டார். அத்தொகையினர் நாட்டிலேயே இல்லை. எனவே, 1946இல் 22 பல்கலைக்கழகங்களுடன் இணைந்து ஏறத்தாழ 200 மாணவர்களைக் கொண்ட பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர் மருத்துவமனையில் பகுதிநேரம் பணியாற்றி ஊதியம் பெற்றுக்கொண்டே முனைவர் பட்டத்திற்குப் பயின்றனர். மருத்துவ உளவியலின் பயிற்சிமுறையை வகுத்த 1949ஆம் ஆண்டு போல்டர் மாநாட்டிற்கு இத்திட்டமே முதன்மைத் தூண்டுதல்களுள் ஒன்று. இவ்வகையில் ஒரு தொழிலின் இலக்கணத்தையே ஓர் அரசு நிறுவனத்தின் ஆள்தேவை வடிவமைத்தது எனலாம்.

1946 ஜூலை 3ஆம் நாள் நிறைவேறிய தேசிய மனநலச் சட்டம், பயிற்சிக்கான மானியத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. 1949இல் தேசிய மனநல நிறுவனம் அமைந்தது. இவற்றின் கூட்டு விளைவாக, 1940இல் 2,300ஆக இருந்த சங்கத்தின் உறுப்பினர் தொகை, 1970இல் 18,000ஐக் கடந்தது.

3. வெற்றியின் எல்லை

உருவாக்கப்பட்டோர் அனைவரும் பொதுத்துறையில் தங்கினரா என்பது அடுத்த வினா. 1957ஆம் ஆண்டில் சங்கத்தின் ஏறத்தாழ 10,000 உறுப்பினருள் மாநில மனநல மருத்துவமனைகளிலும் படைவீரர் மருத்துவமனைகளிலும் பணியாற்றியோர் 17 விழுக்காட்டினரே எனக் குரோப் குறிப்பிடுகிறார். எஞ்சியோர் தனிமருத்துவத்திற்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சமூக மருத்துவ நிலையங்களுக்கும் பிற அரசுப் பணிகளுக்கும் சென்றனர். அரசின் செலவில் பயின்றவர்களுள் பெரும்பகுதியினர், மிகக் கடுமையான நோயாளிகள் இருந்த இடத்தை விட்டு விலகியிருந்தனர்.

அக்காலத்தில் மாநில, மாவட்ட மனநல மருத்துவமனைகளின் நோயாளர் தொகை உச்சத்தில் இருந்தது. 1955இல் அது ஏறத்தாழ 5,59,000. சங்கத்தின் தலைவராக இருந்த ஹாரி சாலமன், 1958ஆம் ஆண்டுத் தலைமையுரையில், பெரிய மனநல மருத்துவமனைகள் மீட்க இயலாத அளவுக்கு நொடித்துவிட்டன என்னும் கருத்தை வெளியிட்டார். மருத்துவர் பற்றாக்குறை அவர் காட்டிய காரணங்களுள் முதன்மையானது. மறு ஆண்டு உளவியலர் ஜார்ஜ் ஆல்பி வெளியிட்ட மனநல ஆள்வள ஆய்வு, அப்போதைய பயிற்சி வேகத்தில் தேவைக்கேற்ற தொகையினரை எக்காலத்தும் எட்ட இயலாது என வாதிட்டது.

மாநில மருத்துவமனைகள் இவ்விடைவெளியை அயல்நாட்டு மருத்துவர்களைக் கொண்டு நிரப்பின. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியதால் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் மருத்துவர்க்கு வாயில் திறந்தது. பல மாநிலங்கள், முழு உரிமம் பெறாத மருத்துவரையும் மருத்துவமனை வளாகத்திற்குள் மட்டும் பணியாற்ற இசைந்தன. 1973இல் ஃபுல்லர் டோரியும் உடன் ஆய்வாளரும் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, இதனை ஏழை நாடுகளிலிருந்து பெறும் மலிவான உழைப்பு என்னும் பொருள்படத் தலைப்பிட்டே கண்டித்தது. உள்நாட்டு மருத்துவர் வர மறுத்த பணியிடத்திற்கு ஊதியத்தை உயர்த்துவதற்கு மாற்றாக, அவ்வூதியமே உயர்வாகத் தோன்றிய நாடுகளிலிருந்து ஆள் பெறப்பட்டது. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மக்கள் வரிப்பணத்தில் பயின்றோர் இவ்வகையில் இந்த வரலாற்றின் உறுப்பாயினர். ஒரு நாட்டின் காலியிடம் மற்றொரு நாட்டின் காலியிடமாக மாறிய நிகழ்வு இது.

4. 2006: கலிபோர்னியா

மாநில மருத்துவமனைகளின் படுக்கைகள் குறைந்தபின், மனநோயாளிகள் பலர் சிறைகளைச் சென்றடைந்தனர். கலிபோர்னியச் சிறைகளின் மனநலச் சிகிச்சை குறித்து 1990இல் தொடுக்கப்பட்ட கோல்மன் வழக்கில், 1995 செப்டம்பரில் நீதிபதி லாரன்ஸ் கார்ல்டன் தீர்ப்பளித்தார். போதிய மனநலப் பணியாளர் இல்லாமை, கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசமைப்பின் எட்டாம் திருத்தத்திற்கு முரணானது என்பது அத்தீர்ப்பின் சாரம். காலிப் பணியிடம் அரசமைப்பு மீறலாகக் கொள்ளப்பட்டது இங்குக் கருதத்தக்கது.

பத்தாண்டுகளுக்குப் பின்னும் பணியிடங்கள் நிரம்பவில்லை. சிறைகளின் பொது மருத்துவம் குறித்த பிளாட்டா வழக்கில் 2006இல் மருத்துவரின் ஊதியம் உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கோல்மன் வழக்கிலும் சிறை மனநல மருத்துவர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோரின் ஊதியத்தை உயர்த்த ஆணையிடப்பட்டது.

விளைவு விரைவில் தெரிந்தது. மாநில மனநல மருத்துவமனைகளின் மருத்துவர் சிறைப்பணிக்கு மாறத் தொடங்கினர். இருசாராரும் ஒரே மாநில அரசின் ஊழியர். ஊதியமோ பெரிதும் வேறுபட்டது. 2007இன் தொடக்கத்தில் அட்டாஸ்கடேரோ மாநில மருத்துவமனை, பணியாளர் பற்றாக்குறையால் புதிய நோயாளிகளுள் பெரும்பாலோரைச் சேர்ப்பதை நிறுத்தவேண்டிய நிலைக்கு ஆளாயிற்று. சிறையில் சிகிச்சை அளிக்க இயலாத அளவுக்கு நோய் முற்றிய கைதிகளை உள்நோயாளிகளாக ஏற்றுவந்த மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. எக்கைதிகளின் நலனுக்காக ஊதியம் உயர்த்தப்பட்டதோ, அவர்களுள் மிக நோயுற்றோர்க்கான வாயிலே அதனால் அடைபட்டது.

இதே காலத்தில் நாப்பா, மெட்ரோபாலிட்டன், அட்டாஸ்கடேரோ, பாட்டன் ஆகிய நான்கு மாநில மருத்துவமனைகளும் நடுவண் நீதித்துறையுடன் 2006இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சிகிச்சைத் தரத்தையும் பணியாளர் விகிதத்தையும் உயர்த்தக் கடமைப்பட்டிருந்தன. ஒரு நீதிமன்றத்திற்குக் கட்டுப்பட்டு அரசு ஆளைச் சேர்த்தபோது, மற்றொரு நீதிமன்றத்திற்கு அளித்த வாக்குறுதி தளர்ந்தது. இறுதியில் 2007இல் மருத்துவமனை ஊழியரின் ஊதியத்தையும் சிறை ஊதியத்தை ஒட்டி உயர்த்தவேண்டியதாயிற்று. செலவு இருமுறை உயர்ந்தது. மருத்துவர் தொகையோ அவ்வளவில் பெருகவில்லை.

சிறைகளிலேனும் பணியிடங்கள் நிரம்பினவா? 2011 மே 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதற்கு விடை தருகிறது. விசாரணைக் காலத்தில், அதாவது ஊதிய உயர்வுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குப் பின், சிறை மனநல மருத்துவர் பணியிடங்களுள் 54.1 விழுக்காடு வரை காலியாக இருந்ததாக அத்தீர்ப்பு பதிவுசெய்கிறது. 2006இல் கலிபோர்னியச் சிறைகளின் தற்கொலை விகிதம் நாட்டுச் சிறைகளின் சராசரியைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு மிகுதி. நெரிசல் மிகுந்த சிறையில் சிகிச்சைக்கான அறையே இல்லை என்பதையும், படுக்கைக்காகக் காத்திருந்த தற்கொலை எண்ணமுடைய கைதிகள் தொலைபேசிக் கூண்டின் அளவேயான கூண்டுகளில் அடைக்கப்பட்டதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. இத்தகைய பணிச்சூழலை எவ்வூதியமும் ஈடுசெய்யாது. ஊதியத்தை உயர்த்துமாறு மட்டும் கூறாது, கைதிகளின் தொகையைக் கட்டட அளவின் 137.5 விழுக்காட்டிற்குக் குறைக்குமாறு பிறப்பிக்கப்பட்டிருந்த ஆணையை அது உறுதிசெய்ததன் காரணம் இதுவே.

இவ்வழக்கு இன்றும் முடிவுற்றிலது. காலியிடங்கள் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் ஆணை நிறைவேறாமையால், 2024 ஜூனில் நீதிபதி கிம்பர்லி முல்லர் அரசு அதிகாரிகளை நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாக்கி, 11 கோடி டாலருக்கும் மேற்பட்ட தண்டத்தொகையை விதித்தார். நிரப்பப்படாத பணியிடங்களின் ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு அத்தொகை கணக்கிடப்பட்டது. 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவமதிப்பு முடிவை ஏற்று, தண்டத்தொகையின் கணக்கீட்டை மட்டும் மறு ஆய்வுக்கு அனுப்பியது. காலியிடம் அரசுக்குச் செலவன்று, சேமிப்பே என்னும் உண்மையை இத்தண்டத்தின் கணக்குமுறை வெளிக்கொணர்கிறது.

5. ஒப்பீடு

இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே நோக்கின் மூன்று கருத்துகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஊதிய உயர்வின் பயன் அதன் அளவைவிட அண்டை நிறுவனங்களின் ஊதியத்தைப் பொறுத்தது. 1946இல் உயர்வு பெற்ற நிறுவனம் நாடு தழுவியது. அது கல்லூரிகளைத் துணையாகக் கொண்டது. 2006இல் ஒரே அரசின் இரு துறைகளுள் ஒன்று மட்டும் உயர்வு பெற்றது. ஆட்கள் குறைவாக உள்ள துறையில் ஒரு பக்கத்து உயர்வு மறுபக்கத்து இழப்பாகிறது.

இரண்டாவது, ஊதியம் உடனே பயன் தரும். பயிற்சி ஆண்டுகள் கழித்தே பயன் தரும். மருத்துவப் பட்டத்திற்குப் பின் மனநல மருத்துவர் ஒருவரை உருவாக்க அமெரிக்காவில் நான்காண்டுகள் தேவை. நீதிமன்றத்தின் காலக்கெடு மாதங்களைக் கொண்டது. ஆகவே, நெருக்கடிக் காலத்தில் ஊதியம் மட்டுமே கைக்கெட்டும் கருவியாகிறது. நெருக்கடி வருமுன் பயிற்சியில் முதலிட்டிருந்தால் மட்டுமே ஊதிய உயர்வு ஈர்ப்பதற்கு ஆள் இருப்பர்.

மூன்றாவது, பயிற்சியும் தனித்துப் போதாது. 1957இன் 17 விழுக்காடு இதற்குச் சான்று. பயின்றோரைத் தக்கவைக்கும் ஊதியமும், பணியாற்றத்தக்க சூழலும், கற்றலும் மதிப்பும் தொடராதபோது, பொதுப்பணத்தில் உருவான ஆள்வளம் தனியார்க்குச் சென்று சேர்கிறது.

இவ்வொப்பீட்டை ஊதிய உயர்வுக்கு எதிரான வாதமாகக் கொள்ளலாகாது. 1946க்கு முன்னிருந்த ஊதியமும் நடைமுறையும் நீடித்திருந்தால் டொபீகாவுக்கு எவரும் வந்திரார். ஊதியம் இன்றியமையாதது, ஆனால் அது பணியின் தொடக்கமே.

முடிவுரை

இந்தியாவின் மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் தொகையில் பன்னாட்டு நெறிமுறைகளைப் பத்தாண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயலவேண்டும் என அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. அக்காலவரையறை 2028 மே மாதத்தில் நிறைவுறும். ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. கெடு நெருங்குகையில் மாநிலங்களும் நிறுவனங்களும் ஒன்றன் ஆளை மற்றொன்று ஈர்க்க முற்படின், கலிபோர்னியாவின் வரலாறு இங்கும் நிகழக்கூடும். மாவட்ட மருத்துவமனையில் இருந்த ஒரே மனநல மருத்துவர் தலைநகரின் பணிக்கு மாறினால், எண்ணிக்கை ஏட்டில் மாறாது; அம்மாவட்டத்தின் நோயாளிக்கு மட்டும் மருத்துவர் இரார்.

ஆகவே, ஊதிய உயர்வை மதிப்பிடும்போது எத்தனை பணியிடம் நிரம்பிற்று என்று மட்டும் காண்பது போதாது. நிரம்பிய இடத்திற்கு வந்தவர் எவ்விடத்தைக் காலியாக்கி வந்தார் என்பதையும், அவர்க்குப்பின் பயின்று வருவோர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். 1946, 2006 ஆகிய இரு நிகழ்வுகளும் உணர்த்தும் முடிவு இதுவேயாகும்.